களாப்பழப் பாகில் ஒரு கை உப்பு

யுவ வருஷம் ஆனி மாதம் ஏழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடிவதற்குள் நைனா ஏரியிலிருந்து திரும்பியிருந்தார். கூடையில் இறாலும் மேலே கொஞ்சம் மடவை மீனும் இருந்தன. அம்மா மடவையை விற்பனைக்கு ஒதுக்கிவிட்டு இறாலைக் கழுவினாள். மூலையில் இருந்த உப்புப் பானைக்குள் கையை விட்டு ஒரு கை அள்ளி, இறால் மேல் சீராகத் தூவி, பனையோலைத் தடுக்கால் மூடினாள். அதே கையால் பழைய சோற்றைக் கரைத்து நைனாவுக்கு வைத்தாள். என் சோற்றை நானே சட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது நடந்துகொண்டிருந்தது. மூன்று வருடங்களுக்கு மேலாக என் சோற்றை நானேதான் எடுத்துச் சாப்பிட்டு வந்தேன். பிறகு அம்மா தலையை முடிந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படகுத் துறைக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே நடந்தேன்.

தேதி எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்று கேட்பீர்கள். அன்று பகலில்தான் முகத்துவாரத்துக்கு வெளியே கப்பல் கண்ணில் பட்டது. கப்பல் வந்த நாட்களை நைனா கடைசிவரை மறந்ததில்லை. மற்றவற்றுக்கு என் நினைவே சாட்சி. எழுத்து எனக்குப் பின்னாளில் மாதா கோயில் உபதேசியாரிடம் வந்தது. நாள் குறித்து ஓரிரு வரி எழுதி வைக்கும் பழக்கமும் அப்போது வந்ததுதான். எழுதத் தெரியாத காலத்து ஆனி மாதம் அது. நம் ஊரான பசியாவரத்து மணலில் என்னோடு கிளிஞ்சல் பொறுக்கியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்கும் ஐம்பது நெருங்குகிறது. நான் சொல்வதில் தவறு இருந்தால் திருத்துங்கள்.

பசியாவரத்திலிருந்து பழவேற்காட்டுத் துறைக்கு அந்தக் காலத்தில் கோல் ஊன்றித்தான் படகு போகும். ஆனி மாதத்தில் தண்ணீர் வற்றி, படகின் அடி சேற்றை வருடும் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரும். கண்ணை மூடித் திறப்பதற்குள் கோட்டைச் சுவர் வந்துவிடும். துறையில் துணிக் கட்டுகள், அவற்றின் நீலச் சாய வாசனை, கோட்டைக்கு அந்தப் பக்கம், துணி வாங்கக் கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களான உலாந்தாக்காரர் தெரு. அந்தத் தெருவில் பச்சைச் சன்னல் வைத்த வீடு ஒன்று. வாசற்படியில் சின்னது உட்கார்ந்திருக்கும்.

சின்னது என்பது அந்த வீட்டுக் குழந்தை. அம்மா என்னைப் பெரிசு என்பாள், அதைச் சின்னது என்பாள். என் தம்பி பிறந்து ஒரு வாரத்தில் போய்விட்டான். அதே சமயத்தில் உலாந்தா வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெற்றவளுக்குக் கடும் காய்ச்சல், பால் இல்லை. தேடிக்கொண்டு எங்கள் கரைக்கு ஆள் வந்தது. அம்மா மார்பில் துணியைக் கட்டிக்கொண்டு, யாரோடும் பேசாமல், அந்த ஆளின் பின்னால் போய்ப் படகேறினாள். அன்றிலிருந்து தினமும் போனாள். பால் மறந்த பிறகும் போனாள். குழந்தை அம்மாவின் கையால் தவிர வேறு யார் கையாலும் சாப்பிடாது என்று ஆகிவிட்டிருந்தது.

அது சாப்பிடுவதும் ஒரே ஒரு சாப்பாடுதான். குழைந்த சோறு, அதில் மசித்த களாப்பழம், ஒரு துண்டு வெல்லம். களாப்பழம் இல்லாத மாதங்களில் புளியைக் கரைத்து அம்மா ஏமாற்றுவாள். ஊதாச் சோற்றை மூன்று விரலால் உருட்டி வாயில் வைத்ததும், குழந்தை அந்த விரல்களைக் கடைசியாக ஒருமுறை நக்கிவிடும். பூனை நக்குவது போல இருக்கும். நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.

கப்பல் வந்த அன்று, குழந்தையைப் பெற்ற துரைசானி என் அம்மாவை உள்ளே அழைத்தாள். அவள் பேசிய தமிழ் வேலைக்காரர்களிடம் பொறுக்கியது. எங்களைப் போலவே பேசுவாள், நடுவில் சில சொற்கள் விட்டுப் போகும்.

“தொரைக்கு மாத்தம். பத்தாவிக்கு. இந்தக் கப்பல் ரொம்பினதும் நாங்க எல்லாம் போறோம்” என்றாள். பிறகு குழந்தையைக் காட்டினாள். “இது துன்னாது. கப்பல்ல யாரு குடுப்பா?”

பத்தாவி என்றால் கிழக்கே கடலைத் தாண்டிப் பல வாரம் போக வேண்டிய ஊர் என்பது எனக்குக்கூடத் தெரியும். உலாந்தாக்காரர் கல்லறைத் தோட்டத்தில் குழந்தைகளுக்கு வைத்த சின்னச் சின்னக் கற்கள் எத்தனை கிடந்தன என்பதும் தெரியும். அவற்றின் மேல் ஏறி நாமெல்லாம் விளையாடியிருக்கிறோம்.

துரைசானி முதலில் ஒரு வழி செய்து பார்த்தாள். அம்மாவை இரண்டு நாள் வர வேண்டாம் என்றாள். பசித்தால் தானே தின்னும் என்பது அவள் கணக்கு. மூன்றாம் நாள் காலை ஆள் அனுப்பி அழைத்தாள். நாங்கள் போனபோது குழந்தை அழக்கூட இல்லை. உதட்டை உள்ளே மடித்து வைத்துக்கொண்டு, சுவரில் பதித்த நீல ஓட்டில் வரைந்திருந்த கப்பலைப் பார்த்தபடி படுத்திருந்தது. துரைசானியின் கண்கள் சிவந்திருந்தன. அம்மா உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். குழந்தை எழுந்து வந்து வாயைத் திறந்தது.

“அதுல இன்னா போடற நீ?” என்று கேட்டாள் துரைசானி. சந்தேகமும் கெஞ்சலும் கலந்த குரல்.

“களாப்பழம்தான் தொரசானிம்மா. வேற இன்னா?”

துரைசானி ஒரு பழத்தை எடுத்துக் கடித்தாள். முகம் சுருங்கியது. பிறகு மெல்ல விரிந்தது. அவள் ஊரிலும் இப்படிப் புளிப்பாக, சிவப்பாக, கொத்துக் கொத்தாக ஒரு பழம் உண்டாம். அவள் அம்மா அதைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சிச் சாடியில் ஊற்றி மூடி வைப்பாளாம். பனி கொட்டும் மாதங்களிலும் அது கெடாமல் இருக்குமாம். அதற்கு அவள் சொன்ன பெயர் எங்கள் வாயில் நிற்கவில்லை. நாங்கள் பழப்பாகு என்றோம். சோற்றில் பிசைய அதைக் கப்பலில் எடுத்துப் போனால், கை மாறினாலும் ருசி மாறாது, குழந்தை தின்றுவிடும் என்றாள். அம்மா தலையை ஆட்டினாள். அப்படித்தான் தொடங்கியது.

பழம் பறிக்கப் போன நாளை நான் பல தடவை கனவில் கண்டிருக்கிறேன். எது நடந்தது, எது கனவு என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாது. நைனாவின் படகில் நாங்கள் நால்வரும் போனோம். அம்மா மடியில் சின்னது, தலையில் வைக்கோல் தொப்பி. ஏரியின் மேல் வெய்யில் பாலாடை போலப் படர்ந்திருந்தது. தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவில் கோடு தெரியவில்லை. பாதி வழியில் மேல்காற்று அந்தத் தொப்பியைத் தூக்கிப் போய்த் தண்ணீரில் போட்டது. நைனா படகைத் திருப்பப் பார்த்தார். அதற்குள் தொப்பி கவிழாமல், யாரோ அனுப்பி வைத்த படகு மாதிரிக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. குழந்தை கையை ஆட்டி அதை வழியனுப்பியது.

மணல் தீவில் களாப் புதர்கள் ஆள் உயரத்துக்கு நின்றன. முள் இரண்டிரண்டாக இருக்கும். ஒன்றிலிருந்து கையை இழுத்தால் மற்றது பிடித்துக்கொள்ளும். காம்பைக் கிள்ளினால் வெள்ளைப் பால் வடிந்து விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும். அம்மா செங்காயைத் தனியாகவும் கறுத்த பழத்தைத் தனியாகவும் பறித்தாள். செங்காய் கலந்தால்தான் பாகு உறையும் என்று துரைசானி சொல்லி அனுப்பியிருந்தாள். சின்னது புதருக்கடியில் உட்கார்ந்து, உதிர்ந்ததையெல்லாம் எடுத்துத் தின்றது. வாய், கன்னம், சட்டை எல்லாம் ஊதா.

“தொரசானி பாத்தா நம்ம தோல உரிப்பா” என்றார் நைனா.

“ஒரு நாளு உரிக்கட்டும்” என்றாள் அம்மா.

குழந்தை ஒரு பழத்தைக் கொண்டுவந்து என் வாயருகே நீட்டியது. நான் கையில் வாங்கப் போனேன். தராமல், வாயைத் திற என்பது போல வாயைப் பிளந்து காட்டியது. நான் திறக்கவில்லை. அது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தானே தின்றுவிட்டது.

அன்று சாயங்காலம் நைனா வலையின் கிழிசலைக் கட்டிக்கொண்டிருந்தார். அம்மா விரல் பிசினை எண்ணெயும் உப்பும் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

“உன்னையும் பத்தாவிக்குக் கூப்டாங்களாமே?”

“கூப்டாங்க.”

“நீ இன்னா சொன்ன?”

“பெரிசு கீதுன்னேன்.”

நைனா வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “நான் கீறேன்னு சொல்லலியா?”

“நீ எங்க வூட்ல கீற? ஏரிலதான கீற.”

நைனா சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் வாசலில் நண்டுக் குழியில் குச்சியை விட்டுக்கொண்டிருந்தேன். என்னை விட்டுப் போக மனமில்லாமல்தான் அப்படிச் சொன்னாள் என்று அந்தக் கணத்தில் எனக்கு உறைக்கவில்லை. போகப் பிடிக்காததற்கு அம்மா சொன்ன சாக்கு என்றுதான் எண்ணினேன்.

காய்ச்சுவது துரைசானி வீட்டுச் சமையல்கட்டில். செம்புப் பாத்திரம், உள்ளே புதிதாக ஈயம் பூசியது. புளிப்பு பட்டால் செம்பில் களிம்பு ஏறும் என்று துரைசானியும் அறிந்திருந்தாள், அம்மாவும் அறிந்திருந்தாள். அவர்கள் இருவரும் வாதாடாமல் ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான். சர்க்கரை பிரம்புக் கூடையில் இருந்தது. பத்தாவியிலிருந்து கப்பலில் வந்த சர்க்கரை, பாகாகி மறுபடி பத்தாவிக்கே போக இருந்தது. பழத்தை வேகவைத்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டார்கள். துணியிலிருந்து சாறு சொட்டும் சத்தம் வீடு முழுவதும் கேட்டது. அந்த நிறத்தை நான் பிறகு எங்கும் பார்த்ததில்லை. சாயத் தொட்டிகளிலும் இல்லை.

துரைசானி பழத்துக்குச் சரிபாதி சர்க்கரையை நிறுத்துக் கொட்டினாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

“உப்பு?”

“உப்பு வேணாம்.”

“உப்பு இல்லாம எது நிக்கும் தொரசானிம்மா?”

அந்த வீட்டுச் சமையல்காரர் அடுப்பில் விறகைத் தள்ளிக்கொண்டே சிரித்தார். “ஆமாமா. உப்பு போட்டுக் கூரை மேல காயப்போடு. களாக் கருவாடு.”

“நீ சும்மா இருண்ணா. சக்கரைய வெச்சா எறும்பு வருது. எறும்பு துன்றது எப்டிக் கெடாம நிக்கும்? உப்புல எறும்பு மொய்ச்சி எங்கனா பாத்துக்கீறியா நீ?”

சமையல்காரர் மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பினார். எனக்கும் அம்மா சொன்னதுதான் சரி என்று பட்டது. எங்கள் கரையில் நிலைத்து நின்ற எல்லாமே உப்பில்தான் நின்றது. மழை மாதங்களில் நாங்கள் சாப்பிட்டது உப்பை. துரைசானி பிறந்த ஊரில் சர்க்கரைக்கு அந்த வேலை இருந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் அதைச் சொல்லி விளங்க வைக்க அவர்களுக்குள் போதுமான சொற்கள் இல்லை.

முதல் காய்ச்சல் துரைசானியின் முறைப்படியே இறங்கியது. குளிர்ந்த பீங்கான் தட்டில் ஒரு சொட்டு விட்டுச் சாய்த்தாள். சொட்டு ஓடாமல், நடுங்கி நின்றது. அவள் கைதட்டிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். இரண்டாம் காய்ச்சல் கொதிக்கும்போது குழந்தை தூக்கத்தில் அழ, அவள் மாடிக்கு ஓடினாள். சமையல்காரர் விறகு எடுக்கக் கொல்லைக்குப் போனார். அம்மா அலமாரியிலிருந்த உப்புச் சாடிக்குள் கையை விட்டாள். காலையில் இறாலுக்கு அள்ளும் அதே அளவு, ஒரு கை. பாகின் மேல் சீராகத் தூவிக் கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றினாள். என்னைப் பார்த்தாள். நான் நுரையைப் பார்த்தேன். நுரை இளஞ்சிவப்பாகப் பொங்கிப் பொங்கி அடங்கியது.

சாடிகளை மூடப் பன்றியின் நீர்ப்பையைக் காயவைத்து வைத்திருந்தாள் துரைசானி. ஈரமாக்கி வாயில் இழுத்துக் கட்டினால் காய்ந்ததும் காற்றுப் புகாதாம். எடுத்துப் பார்த்தால் பாதியைப் பூச்சி அரித்திருந்தது. முதல் காய்ச்சலின் சாடிகளுக்கு மட்டும் சரியாக வந்தது. மற்ற நான்குக்கு என்ன செய்வது என்று அவள் நிற்க, மறுநாள் நைனா நெட்டி கொண்டுவந்தார். பெரிய கத்தாழை மீனின் வயிற்றுக்குள் இருக்கும் காற்றுப்பைதான் நெட்டி. கீறி விரித்துக் கழுவினால் வெள்ளைத் தோல் மாதிரி வரும்.

“மீன் பையால மூடினா பாகு நீந்திப் போயிடப் போவுது” என்றார் சமையல்காரர்.

“நீந்தட்டுமே. பத்தாவிக்குத் தானே போவணும்?” என்றார் நைனா.

ஆக, பன்றித் தோல் மூடியது இனிப்புச் சாடி, மீன் தோல் மூடியது அம்மாவின் உப்புச் சாடி. இது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் தெரியும். சன்னல் விளிம்பில் வெய்யிலில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார்கள். தோல் காயக் காய இறுகியது. சின்னது விரலால் தட்டிப் பார்த்தது. பன்றித் தோல் தொப்பென்றது. மீன் தோல் சின்ன மேளம் போல டங் என்றது. அன்று மாலை முழுவதும் அந்த வீட்டில் டங், டங் என்று கேட்டுக்கொண்டிருந்தது. இன்றும் என் காதில் மதிய நேரங்களில் எப்போதாவது அது கேட்கும். எழுந்து பார்த்தால் கூரையில் காக்கை.

அதுவரை கழுவாமல் கிடந்த பாத்திரத்தின் அடியில் ஒட்டியிருந்ததைச் சமையல்காரர் வழித்து நக்கியதில்தான் விஷயம் வெளியே வந்தது. அவர் கோள் சொல்லவில்லை. முகத்தைச் சுளித்தார், துரைசானி பார்த்துவிட்டாள். அவளும் விரலால் தொட்டு நாவில் வைத்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

“நீ போட்டியா?”

“ஆமா தொரசானிம்மா. நிக்கறதுக்குத்தான்.”

“பொய். நீ கெடுத்த. பாப்பா துன்னக்கூடாது, இங்கயே இருக்கணும். அதான்.”

துரைசானி மீன் தோல் சாடிகளைக் கொல்லைக் கிணற்றடியில் வைக்கச் சொன்னாள், கொட்டிக் கழுவுவதற்கு. “நீ இனிமே வராத” என்றாள். மாடியில் குழந்தை விழித்துக்கொண்ட சத்தம் கேட்டது. அம்மா மேலே பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அவள் பிடி வலித்தது.

இந்த வயதில் நினைத்துப் பார்க்கிறேன். துரைசானி அம்மாவைத் தவறாக நினைத்தாள். அம்மா சர்க்கரையைத் தவறாக நினைத்தாள். இரண்டு பேருக்கும் பயம் ஒன்றேதான். அந்த உப்பு பாகு நிற்பதற்காக மட்டும் போட்டதா என்று நான் அம்மாவிடம் பின்னால் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அதன் பிறகு அம்மா காலையில் எழுந்து தலையை முடிவாள், துறைவரை போவாள், திரும்பி வருவாள். வீட்டில் செய்ய வேலை இல்லாதது போல இருக்கும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கடல் பக்கம் பார்ப்பாள். கப்பலுக்குத் துணிக் கட்டுகள் போய்க்கொண்டிருந்தன. துறையிலிருந்து வந்தவர்கள் உலாந்தா வீட்டுக் குழந்தை வாயைத் திறக்கவில்லையாம் என்றார்கள். அம்மா கேட்டுக்கொண்டாள்.

கப்பல் புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை எங்கள் கரையில் ஒரு படகு ஒதுங்கியது. அதிலிருந்து துரைசானி இறங்கினாள். உலாந்தாப் பெண் ஒருத்தி பசியாவரத்து மணலில் கால் வைத்ததை நாம் அதற்கு முன் கண்டதில்லை. உங்களில் சிலர் பின்னாலேயே ஓடிவந்தது எனக்கு நினைவிருக்கிறது. அவள் இடுப்பில் குழந்தை. கழுத்து மெலிந்து தலை பெரிதாகத் தெரிந்தது. ஆனால் உதடு ஊதாவாக இருந்தது.

அவள் வாசலிலேயே நின்றாள். “இன்னிக்குத் துன்னுச்சி” என்றாள்.

நடந்ததை விட்டு விட்டுச் சொன்னாள். இனிப்புச் சாடியைத் திறந்து சோற்றில் பிசைந்து வைத்தாள், குழந்தை நாவால் தள்ளிவிட்டது. இன்று காலையில் குழந்தையைக் காணோம். தேடினால் கிணற்றடியில், கொட்டாமல் கிடந்த சாடிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தது. மேளம் தட்டித் தட்டி ஒரு மீன் தோலைக் கிழித்துவிட்டிருந்தது. உள்ளே கையை விட்டு விட்டு நக்கிக்கொண்டிருந்தது.

“அந்த நாலும் எடுத்துப் போறேன். பத்தாது. மத்த சாடிக்கும் உப்புப் போடணும். எவ்ளோ?”

“ஒரு கை” என்றாள் அம்மா.

“எவ்ளோ கை?”

அம்மாவுக்கு வேறு மாதிரிச் சொல்லத் தெரியவில்லை. உள்ளே போய் உப்புப் பானையைத் தூக்கிவந்தாள். கையை விட்டு அள்ளிக் காட்டினாள். துரைசானியும் குனிந்து அள்ளினாள். அவள் கை பெரிது, அம்மாவின் கையளவைப் போல ஒன்றரை மடங்கு வந்தது. இருவரும் இரண்டு கை உப்பையும் பார்த்தபடி நின்றார்கள். துரைசானி தன் கையிலிருந்ததைப் பானையில் கொட்டிவிட்டு, இடுப்பிலிருந்த வெள்ளைக் கைத்துணியை விரித்து அம்மாவின் கைக்குக் கீழே பிடித்தாள். அம்மா உப்பை அதில் விட்டாள். துரைசானி ஒரு கல்லும் சிந்தாமல் முடிச்சுப் போட்டாள்.

அதற்குள் குழந்தை அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தது. வாயைத் திறந்து காட்டியது. அம்மா ஓர் இலையில் சோறு எடுத்துவந்து, துரைசானி கொண்டுவந்த மீன் தோல் சாடியிலிருந்து பாகை எடுத்துப் பிசைந்தாள். மூன்று விரலால் உருட்டினாள். குழந்தை எக்கியது. அம்மா அந்த உருண்டையைத் துரைசானியின் கையில் வைத்தாள்.

“நீங்க குடுங்க.”

துரைசானி நீட்டினாள். குழந்தை அவள் கையைப் பார்த்தது, அம்மாவைப் பார்த்தது, உதட்டை மடித்துக்கொண்டது.

“நான் இருந்தா துன்னாது” என்று சொல்லிவிட்டு அம்மா எழுந்து வீட்டின் பின்புறம் போய்விட்டாள். குழந்தை அழ ஆரம்பித்தது. துரைசானி கொஞ்ச நேரம் உருண்டையை நீட்டியபடியே உட்கார்ந்திருந்தாள். பிறகு அதை இலையில் வைத்துவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு படகுக்குப் போனாள். போகுமுன் ஒரு பன்றித் தோல் சாடியை வாசலில் வைத்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவள் மொழியில் சொன்னாள், எனக்குப் புரியவில்லை. அம்மா பின்புறம் வலை காயும் கழியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அழுகைச் சத்தம் தண்ணீரின் மேல் வெகுதூரம்வரை கேட்டது.

மறுநாள் முகத்துவாரத்தைத் தாண்டி ஆட்களைக் கப்பலுக்குக் கொண்டுபோகும் படகுகளில் நைனாவுடையதும் ஒன்று. துரைசானியும் குழந்தையும் அதில்தான் ஏறினார்கள். அம்மா கரைக்குப் போகவில்லை. கண்ணில் பட்டால் கெட்டுவிடும் என்றாள். பகல் முழுவதும் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருந்தாள். காய்ந்ததையும் திருப்பினாள்.

நைனா பொழுது சாயத்தான் வந்தார். கால் கழுவிவிட்டு உட்கார்ந்தார்.

“துன்னுச்சா?” என்றாள் அம்மா.

“முகத்துவாரம் தாண்டறவரைக்கும் அழுதுச்சி. அலை அடங்கின பொறவு தொரசானி சோத்து டப்பாவத் தொறந்தா. பிசையல. மொதல்ல நீ குடுத்த உப்பு முடிச்ச அவுத்தா. அதுல ஒரு துளி எடுத்து விரலு பூரா தேச்சிக்கினா. அப்பறம் பிசைஞ்சா.”

“அப்பறம்?”

“மோந்து பாத்துச்சி. வாயத் தொறந்துச்சி.” நைனா அம்மாவைப் பார்க்காமல் துடுப்புப் பிடித்துக் காய்த்த தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “அவங்கம்மா கையால முழுசும் துன்னுச்சி. கடசீல அவ விரலையும் நக்குச்சி.”

அம்மா “ம்” என்றாள். கொஞ்சம் கழித்து இன்னொரு தடவை “ம்” என்றாள். எழுந்து போய்க் குடத்துத் தண்ணீரில் கையைக் கழுவினாள். கையில் ஒன்றும் இருக்கவில்லை.

துரைசானி வைத்துவிட்டுப் போன சாடியைப் பற்றியும் எழுதிவிடுகிறேன். அது எங்கள் வீட்டில் வெகுநாள் இருந்தது. அம்மா வாரத்துக்கு ஒருமுறை மூடியை விலக்கி முகர்ந்து பார்ப்பாள், கெட்டுவிட்டதா என்று. ஐப்பசி மழையிலும் கெடவில்லை. நைனா கேலி செய்வார். “இன்னும் நாளு கீது” என்பாள் அம்மா. பிறகு அந்தச் சாடியில் வெகுகாலம் உப்பு இருந்தது. ஒரு புயலில் வீட்டோடு போயிற்று.

ஆனால் அதெல்லாம் பிறகு. கப்பல் போன மறுநாள் காலை அம்மா துறைக்கு நடக்கவில்லை. தலையைக்கூட முடியவில்லை. முதல் வேலையாக அந்தச் சாடியின் தோலைக் கத்தி முனையால் கீறினாள். பழைய சோற்றைப் பிழிந்து எடுத்து, அதில் பாகை விட்டு, உப்புப் பானையில் விரலைத் தோய்த்துப் பிசைந்தாள். நான் என் சட்டியை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். மூன்று விரலால் உருட்டியதை அவள் என் பக்கம் நீட்டினாள். நான் கையில் வாங்கப் போனேன்.

“வாயத் தொற” என்றாள்.

திறந்தேன்.